கடற்கரையில் நின்றால் உயரம் 'மைனஸ் 90 மீட்டர்': ஜிபிஎஸ் ஏன் இப்படிக் காட்டுகிறது?

கன்னியாகுமரி கடற்கரையில் நின்று போனில் ஒரு ஜிபிஎஸ் ஆப்பைத் திறந்து பாருங்கள். சில ஆப்களில் 'உயரம்' என்ற இடத்தில் மைனஸ் 90 மீட்டரை ஒட்டி ஓர் எண் வரும். காலில் அலை அடிக்கிறது. போனோ நீங்கள் கடலுக்குள் முப்பது மாடி ஆழத்தில் இருப்பதுபோலச் சொல்கிறது.

போனில் கோளாறு எதுவும் இல்லை. அது எந்த மட்டத்தில் இருந்து அளக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

போனுக்கு முதலில் கிடைப்பது என்ன?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றில் குறைந்தது நான்கின் சிக்னல் வந்துசேர்ந்த நேரத்தை வைத்துத்தான் போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. மூன்று போதாதா? போதும்தான். ஆனால் போனுக்குள் இருக்கும் கடிகாரம் அவ்வளவு துல்லியமானதல்ல. அதன் பிழையைக் கழிக்க நான்காவது தேவை.

இந்தக் கணக்கின் விடை அட்சரேகை, தீர்க்கரேகையாக வருவதில்லை. பூமியின் மையத்தில் இருந்து மூன்று திசைகளில் எவ்வளவு தூரம் என்றுதான் வரும். எக்ஸ் அச்சு, நிலநடுக்கோடும் பூஜ்ஜியம் டிகிரி தீர்க்கரேகையும் சந்திக்கும் இடம் வழியாகப் போகிறது. ஒய் அச்சு 90 டிகிரி கிழக்கு நோக்கி. இசட் அச்சு வட துருவம் நோக்கி. மூன்றுமே பூமியோடு சேர்ந்து சுழல்கின்றன. இந்தக் கணக்கில் கன்னியாகுமரியின் முகவரி: எக்ஸ் 1,361 கி.மீ., ஒய் 6,167 கி.மீ., இசட் 891 கி.மீ.

இதைச் சொன்னால் ஆட்டோகாரருக்குப் புரியுமா? அதனால்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

தீர்க்கரேகை சுலபம், அட்சரேகைதான் சிக்கல்

ஒய்யை எக்ஸால் வகுத்து, அதற்குரிய கோணத்தைப் பார்த்தால் தீர்க்கரேகை வந்துவிடும். கன்னியாகுமரிக்கு 77.55 டிகிரி கிழக்கு. பள்ளிக்கூட திரிகோணமிதியே போதும்.

அட்சரேகைக்கும் அதையே செய்தால் மாட்டிக்கொள்வோம். காரணம், பூமி முழு உருண்டை இல்லை. மையத்தில் இருந்து நிலநடுக்கோடு 6,378.137 கி.மீ.; துருவம் 6,356.752 கி.மீ. அதாவது துருவங்களில் 21 கி.மீ.க்கு மேல் அமுங்கியிருக்கிறது. கொத்தனார் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால் அந்த நூல் நேராகப் பூமியின் மையத்தை நோக்கும் என்று நினைப்போம். நிலநடுக்கோட்டிலும் துருவங்களிலும் மட்டும்தான் அப்படி; மற்ற இடங்களில் கொஞ்சம் விலகிப் போகும். வரைபடத்தில் இருக்கும் அட்சரேகை, தரைக்குச் செங்குத்தான அந்தக் கோட்டை வைத்து அளப்பது.

பூமியை உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால் கன்னியாகுமரியின் அட்சரேகை 8.08-க்குப் பதில் 8.03 டிகிரி என்று வரும். அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால் தரையில் அது சுமார் 6 கி.மீ. தெற்கே. அதாவது நடுக்கடலில்!

பாக் நீரிணையில் இதே தவறு ஏறக்குறைய 7 கி.மீ. ஆகும். இந்தியா-இலங்கை கடல் எல்லை, 1974 மற்றும் 1976 ஒப்பந்தங்களில் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளாகத்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரில் கோடு எதுவும் போட்டிருக்காது. ராமேஸ்வரம் மீனவருக்குப் படகில் இருக்கும் ஜிபிஎஸ் திரைதான் எல்லை. அது 7 கி.மீ. தள்ளிக் காட்டினால், எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றே தெரியாது. நல்லவேளை, ஜிபிஎஸ் கருவிகள் அமுங்கிய வடிவத்தை வைத்தே கணக்கிடுகின்றன.

அதிலும் ஒரு முடிச்சு உண்டு. உயரம் தெரிந்தால்தான் அட்சரேகை சரியாக வரும். அட்சரேகை தெரிந்தால்தான் உயரம் வரும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதைதான். அதனால் முதலில் ஒரு தோராய அட்சரேகையை எடுத்து, அதில் இருந்து உயரம், அதை வைத்துத் திருத்திய அட்சரேகை என்று சுற்றிச் சுற்றிக் கணக்கிடுவார்கள். நாலைந்து சுற்றில் விடை நிலைத்துவிடும். பௌரிங் என்பவர் 1976-இல் வெளியிட்ட சூத்திரம், தரைக்கு அருகில் இருக்கும் இடங்களுக்கு ஒரே சுற்றில் போதுமான துல்லியம் தருகிறது.

சரி, அந்த மைனஸ் 90?

இப்படிக் கிடைக்கும் உயரம் கடல் மட்டத்தில் இருந்து அளந்தது அல்ல. டபிள்யூஜிஎஸ் 84 என்ற, கணிதத்தில் மட்டும் இருக்கும் வழவழப்பான அமுங்கிய கோளத்தில் இருந்து அளந்தது. நிஜக் கடல் மட்டம் அப்படி வழவழப்பாக இல்லை. பூமிக்குள் எடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாததால், ஈர்ப்பு விசைக்கு ஏற்ப கடல் சில இடங்களில் மேடாகவும் சில இடங்களில் பள்ளமாகவும் நிற்கிறது.

உலகிலேயே மிக ஆழமான அந்தப் பள்ளம் நமக்குப் பக்கத்தில்தான், இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கடல் மட்டம் அந்தக் கோளத்தை விட சுமார் 106 மீட்டர் கீழே. கன்னியாகுமரி அந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்கிறது.

ஐபோன் இந்த வித்தியாசத்தைக் கழித்து, கடல் மட்டத்தில் இருந்து உயரத்தைக் காட்டுகிறது. ஆண்ட்ராய்டில் வழக்கமாக ஆப்களுக்குக் கிடைப்பது கோளத்தில் இருந்து அளந்த உயரம்; கழிப்பதும் கழிக்காததும் ஆப்பைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டு 14-இல்தான் கடல் மட்ட உயரத்துக்குத் தனி வசதி வந்தது. மலையேற்றத்துக்கோ ட்ரோன் பறக்கவிடவோ போகிறவர்கள், ஆப்பின் செட்டிங்ஸில் உயரம் எதில் இருந்து அளக்கப்படுகிறது என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.