"நானுந்தான வர்றேன், கண்ணு!"

முதலாளியோடு வாக்குவாதம் செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. அவர் உட்கார்ந்திருப்பது சுழல் நாற்காலி. நாம் பேசப் பேச அவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிக் கொள்ளலாம். நாம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும்!

2021 மே மாதம் நான் அப்படிச் சுற்றி வந்தது சோமனூரில், ஒரு ஜவுளிக் கம்பெனி ஆபீஸில். (பெயர் வேண்டாம். முதலாளி பத்திரிகை படிக்கிறவர். ஜோக்கை மட்டும்தான் படிப்பார் என்றாலும், இதையும் ஜோக் என்று நினைத்துப் படித்துத் தொலைத்தால்?) நான் பி.காம். டாலியில் வரவு செலவு போடுகிற உத்தியோகம். என்னைச் சேர்த்து ஒன்பது பேர், ஒரே ரூம், ஒரு ஏ.சி., மூன்று ஜன்னல். ஏ.சி. மாட்டிய அன்றைக்கு மூன்று ஜன்னலையும் சாத்தியதோடு சரி, அப்புறம் யாரும் திறந்ததில்லை.

மே 10-ல் ஊரடங்கு வந்தது. 24-ஆம் தேதியிலிருந்து தளர்வே இல்லாத முழு ஊரடங்கு. அந்த வாரத்தில்தான் தினசரி கொரோனாக் கணக்கில் கோவை மாவட்டம் சென்னையையே முந்தியது. இந்தப் பக்கம் இருகூரில் 'கொரோனா தேவி'க்குச் சிலையே வைத்துவிட்டார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். பிளேக் காலத்தில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிய ஊராயிற்றே!

எங்கள் ஆபீஸ் ஷட்டர் இறங்கியிருந்தது. ஆபீஸ் நடந்தது! பின்வாசல் வழியாகப் போக வேண்டும். வாசலில் செருப்பு கிடந்தால் போலீஸுக்குத் தெரிந்துவிடுமாம். அதனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய், மேஜைக்கு அடியில் வைத்துக் கொள்ள வேண்டும். ஒன்பது ஜோடிச் செருப்பு, ஒன்பது மூச்சு, ஒரு ஏ.சி.

கேஷியர் அண்ணன் இரண்டு நாளாக இருமிக் கொண்டிருந்தார். "தூசிங்க" என்றார். மூன்றாம் நாள் நான் முதலாளியிடம் போனேன்.

"அண்ணா, ஜன்னலைத் தொறந்துக்கலாங்களா?"

"தொறந்தா ஏ.சி. வீணாப் போகாதா கண்ணு?"

"ஏ.சி.யை நிறுத்திப் போடலாங்க. இல்லீன்னா நாலு பேர் இன்னைக்கு, நாலு பேர் நாளைக்குன்னு வர்றமுங்க. டாலியை நான் வீட்ல இருந்தே போட்டுருவேன்."

"ஜி.எஸ்.டி. கட்டோணுமல்ல?"

இந்த இடத்தில் என் பி.காமுக்கு ஒரு வேலை வந்தது. ஏப்ரல் மாதக் கணக்கை 15 நாள் முதல் 30 நாள் வரை தாமதமாகக் கொடுத்தாலும் தாமதக் கட்டணம் கிடையாது என்று மே 1-ஆம் தேதியே மத்திய அரசு அறிவித்திருந்தது. பிரிண்ட் எடுத்துக் கொண்டு போயிருந்தேன். அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, முழுசும் படித்து, மடித்து டிராயரில் வைத்தார். அப்புறம் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிக் கொண்டு சொன்னார்:

"நானுந்தான வர்றேன், கண்ணு!"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எனக்கும் சட்டென்று தெரியவில்லை. வாஸ்தவம்தான், அவரும் வந்தார். மாஸ்க் தாடையில் தொங்கும். ஆனால் தினமும் வந்தார். ஒரு வித்தியாசம், அவர் ரூமில் ஜன்னல் திறந்திருக்கும். அவருக்கு ஏ.சி. ஒத்துக்கொள்ளாது!

அதே மே மாதம் இதே வழக்கை வேறு ஆட்கள் பெரிய இடத்தில் நடத்திக் கொண்டிருந்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடம், ரெனோ-நிஸான் கார் தொழிற்சாலை. ஊரடங்கிலும் கார் தொழிற்சாலைகள் ஓடலாம் என்று அரசு விட்டிருந்தது. இடைவெளி விட முடியாத வேகத்தில் லைன் ஓடுகிறது, உயிருக்குப் பயமாக இருக்கிறது என்று தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எல்லா விதிகளையும் ஒழுங்காகப் பின்பற்றுகிறோம், ஏற்றுமதி ஆர்டர் இருக்கிறது, கார் புக் பண்ணியவர்கள் காத்திருக்கிறார்கள் என்றது கம்பெனி.

கார் லைனைப் பார்க்காதவர்களுக்காக: ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் இடம், ஒரு வேலை, எண்ணி இத்தனை வினாடி. கார் நகர்ந்துகொண்டே இருக்கும். போல்ட்டை முடுக்கி முடிக்கவில்லை என்றால் காரோடு கூடவே நடந்து அடுத்த ஆளின் இடத்துக்குப் போய்த்தான் முடிக்க வேண்டும். கார் நிற்காது. அப்போது ஆறடியாவது, மூன்றடியாவது! தரையில் மஞ்சள் வட்டம் போட்டு வைத்தாலும் லைன் வேகமாக ஓடினால் வட்டத்துக்குள் யார் நிற்பது?

ஆகவே அவர்கள் கேட்டது, லைனில் நடு நடுவே ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள் என்று. காலி இடம் வருகிற நேரத்தில் முந்தின வேலையை முடித்துக்கொண்டு அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடலாம். மாஸ்க் கொடு, சானிடைசர் கொடு என்று கேட்டிருந்தால் கம்பெனி அன்றைக்கே ஒரு லாரி நிறையக் கொடுத்திருக்கும். இவர்கள் கேட்டது வேகத்தில் கை வைக்கிற விஷயம். காலி இடம் என்றால் காசு. சண்டை அங்கேதான்.

மே 24-ல் ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாயில் தொழிலாளர்கள் வேலையை விட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து ஐந்து நாள் ஆலையை மூடியது நிர்வாகம். 26-ஆம் தேதி முதல் வேலைக்கு வர மாட்டோம் என்றது ஒரகடத்துச் சங்கம். அங்கேயும் 30 வரை மூடினார்கள். மே 31-ல், தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி இருந்த பெஞ்ச், தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றது. ஜூலையில் அதிகாரியின் சிபாரிசு வந்தது. மூன்று காருக்கு ஓர் இடம் காலி விடச் சொல்லி!

இதைப் பேப்பரில் படித்து எனக்கு வீரம் வந்தது என்று சொல்லவில்லை. வந்தது கணக்கு. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, கோர்ட் இருந்தது. எங்களுக்கு என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். அப்போது அமலில் இருந்த 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தில், போபாலுக்குப் பிறகு 1987-ல் சேர்த்த ஒரு பிரிவு உண்டு. உடனடி ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளி நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லலாம். ஆனால் அது அபாயகரமான தொழில் நடக்கும் ஆலைகளுக்கு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதுத் தொகுப்பில் இந்த உரிமையை எல்லா நிறுவனங்களுக்கும் விரித்திருக்கிறார்கள். நிறுவனம் என்றால்? பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும்.

நாங்கள் ஒன்பது பேர்!

இது தற்செயல் என்று நீங்கள் நினைத்தால் சோமனூருக்கு வந்ததில்லை என்று அர்த்தம். பத்தாவது ஆள் வந்தால் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். எனவே பத்தாவது ஆள் வரவே மாட்டார்.

தறிக்குடோன்களில் கதை இன்னும் சிக்கல். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுக்கிறார். தறிக்காரர் கூலிக்கு ஓட்டிக் கொடுக்கிறார். அவரிடம் இரண்டு மூன்று பேர் வேலைக்கு. ஆபத்து என்று யார் யாரிடம் சொல்வது? குடோன் முதலாளியே இன்னொருவரிடம் கூலிக்காரர்! அதோடு அங்கே இடைவெளி விட்டுப் பேசவே முடியாது. தறிச் சத்தத்தில் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கும். மாஸ்க்கைப் போட்டால் கத்தினது புரியாது, இறக்கிவிட்டுக் கத்துவார்கள். பழைய ஆட்கள் நாடாக்கண்ணில் நூல் கோர்க்க வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். ஒரே நாடாவைப் பகல் ஷிப்ட்காரரும் ராத்திரி ஷிப்ட்காரரும் உறிஞ்சுவார்கள். காசநோய்க்குப் பயந்து அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-லேயே இந்தப் பழக்கத்தைத் தடுக்கச் சட்டம் போட்டது.

நான் சட்டத்தை விட்டுவிட்டுக் கடுதாசி எழுதினேன். நாலே வரி. ஜன்னல், பாதிப்பாதி ஆள், இருமுகிறவருக்குச் சம்பளத்தோடு லீவு, டெஸ்ட் செலவு ஆபீஸுடையது. எட்டுப் பேரும் டீக்கடைப் பெஞ்சில் (அதுவும் பின்வாசல்தான்) கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்கள். "எதுவும் ஆகாதுன்னு சொன்ன பஸ் ஸ்டாண்டுதான இடிஞ்சு விழுந்துச்சு" என்றுகூட ஒருவர் ஆவேசமாகப் பேசினார். 2017 செப்டம்பர் 7-ல் எங்களூர் பஸ் ஸ்டாண்ட் கூரை விழுந்து ஐந்து பேர் செத்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் கடுதாசி முதலாளி மேஜைக்குப் போனபோது அதில் இரண்டே கையெழுத்து. என்னுடையது ஒன்று. துணி மடிக்கிற அக்காவுடையது ஒன்று. ஆவேசக்காரருக்கு அன்றைக்குப் பேனா எழுதவில்லையாம்!

முதலாளி படித்தார். கோபப்படவில்லை. "டெஸ்ட் செலவு நான் பாத்துக்கறேன்" என்றார். ஒரு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். திறக்க வரவில்லை. பெயின்ட் ஒட்டியிருந்தது. சுத்தியல் கொண்டு வந்து தட்டித் திறந்தோம்.

மறுநாள் கேஷியர் அண்ணனுக்குப் பாசிட்டிவ். அடுத்த நாள் எனக்கும், இன்னும் மூன்று பேருக்கும், முதலாளிக்கும். ஆபீஸ் தானாக மூடிக்கொண்டது.

நாங்கள் எல்லாரும் வீட்டோடு தப்பித்தோம். கேஷியர் அண்ணன் மட்டும் கோவை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் 11 நாள், ஆக்ஸிஜனோடு. (இ.எஸ்.ஐ. கட்டாத ஆபீஸ்காரருக்கு அங்கே படுக்கை கிடைத்தது, அதைக் கொரோனா ஆஸ்பத்திரியாக்கி எல்லாரையும் சேர்த்ததால்.) ஜூலையில் வேலைக்கு வந்தார். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவார்.

அவர் வராத 34 நாள் சம்பளத்தை டாலியில் போட வேண்டியவன் நான். எந்தத் தலைப்பில் போடுவது? "லீவுல போடு" என்றார் முதலாளி. "அண்ணா, ஆபீஸ்ல வந்த சீக்குங்க" என்றேன்.

"எங்க வந்துச்சுன்னு எவன் கண்டான்? எனக்குந்தான வந்துச்சு?"

"உங்க சம்பளத்துல யாருங்ண்ணா புடிப்பாங்க?"

நாற்காலி ரொம்ப நேரம் திரும்பவில்லை. அப்புறம் பாதிச் சம்பளம் சும்மா, பாதி அட்வான்ஸ், மாதம் ஆயிரமாகப் பிடித்தம் என்று முடிவானது. 'மருத்துவ உதவி' என்று புதிதாக ஒரு லெட்ஜர் திறந்தேன். கேஷியர் அண்ணன் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உன்ற கடுதாசில நான் கையெழுத்துப் போடலியே தம்பி" என்றார். நான் என்ன சொல்ல, எழுதின கடுதாசியையே ஒரு வாரம் முன்னால் எழுதியிருக்க வேண்டியவன் நான்தான்.

2022-ல் அந்த வேலையை விட்டேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். ஏ.சி. புதுசு. சுத்தியலால் திறந்த ஜன்னல் மட்டும் முழுசாகச் சாத்தாமல் இரண்டு விரல் இடைவெளியில் நிற்கிறது. கொக்கி உடைந்துவிட்டதாம். ஆசாரியைக் கூப்பிட வேண்டும் என்று முதலாளி நாலு வருஷமாகச் சொல்லிக் கொண்டிருக்கிறாராம்.