வீட்டில் கட்டிய விமானமும் பெட்ரோல் குழாயும்

வீட்டு கராஜில் சொந்தமாக விமானம் கட்டிப் பறப்பது அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு. பாதிக்கு மேல் வேலையை அமெச்சூராகச் செய்திருந்தால் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று எழுதி ஒட்டிவிட்டுப் பறக்கலாம். இவற்றின் விபத்து அறிக்கைகளைப் படிக்கும்போது என் மனசைப் பிசைவது ஒரு வகை: மோதிய அடியில் ஆள் பிழைத்திருப்பார், அடுத்து பற்றிய தீயில் போயிருப்பார்.

விமான பெட்ரோல் கடுங்குளிரிலும் ஆவியாகிப் பற்றும். எக்ஸாஸ்ட் குழாய் பல நூறு டிகிரி சூட்டில் கிடக்கும். அறுந்த பாட்டரி ஒயர் ஒரு பொறி விட்டாலும் போதும். சூட்டையும் பொறியையும் அந்த நேரத்தில் முழுசாக ஒழிக்க முடியாது. பெட்ரோலை வெளியே விடாமல் பார்ப்பதுதான் வழி.

டேங்க் கிழியுமே என்றுதான் எல்லாரும் முதலில் கவலைப்படுவார்கள். என்னைக் கேட்டால் இணைப்புகளை முதலில் பாருங்கள் என்பேன். மோதும்போது இறக்கை ஒரு பக்கம் போகும், உடல் ஒரு பக்கம் போகும், முன்னால் இருக்கும் இன்ஜின் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். நடுவில் விறைப்பாகப் பூட்டிய அலுமினியக் குழாய் என்ன பண்ணும்? மூட்டில் முறியும். அங்கே கொஞ்சம் தொய்வு விட்டு, வளையும் ஹோஸ் போட்டால் இழுப்புக்கு இடம் கொடுக்கும். பெரிய செலவும் இல்லை.

அமெரிக்க ராணுவம் இதை ஹியூ ஹெலிகாப்டர்களில் கற்றது. 1970 முதல், எளிதில் கிழியாத பை மாதிரியான டேங்குகளையும், இழுபட்டால் தானே பிரிந்து மூடிக்கொள்ளும் வால்வுகளையும் பொருத்தினார்கள். பிழைக்கக்கூடிய விபத்துகளில் தீயால் சாவது அதன்பின் கிட்டத்தட்ட நின்றேபோனது. 1994இல் புதிய வடிவமைப்பு சிவில் ஹெலிகாப்டர்களுக்கும் விதி வந்தது: 80% தண்ணீர் நிரப்பிய டேங்கை 50 அடி உயரத்திலிருந்து போட்டாலும் ஒழுகக் கூடாது. வீட்டு விமானத்துக்கு இந்த விதி கிடையாது, எல்லாம் கட்டுபவர் இஷ்டம்.

அந்த இஷ்டத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியா கடலோரத்தில் விழுந்து இறந்தது லாங்-ஈஸி என்ற வகை விமானத்தில். பர்ட் ருட்டானின் வரைபடத்தில் டேங்க் மாற்றும் வால்வு பைலட்டின் கால்களுக்கு நடுவில் இருக்கும். இந்த விமானத்தைக் கட்டியவர் (டென்வர் அல்ல, அவர் வாங்கியவர்) அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். காக்பிட்டுக்குள் பெட்ரோல் வரக் கூடாது என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். யோசனை தப்பே இல்லை. ஆனால் வால்வைத் திருப்ப உடம்பையே முறுக்க வேண்டும். அப்படித் திரும்பியபோது கால் வலது ரடரை அழுத்தியிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. தீயே பற்றாத விபத்து அது.

அதனால் யாராவது கட்டிக்கொண்டிருந்தால், இன்றைக்கே இருக்கையில் பெல்ட் போட்டு உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு எரிபொருள் வால்வையும் பாட்டரி சுவிட்சையும் தொட்டுப் பாருங்கள். கை எட்டவில்லை என்றால் வால்வை முன்னால் கொண்டுவாருங்கள். அதற்காகக் காக்பிட்டுக்குள் வரும் குழாயில் மூட்டுகளை முடிந்தவரை குறைத்து, மேலே தீ தாங்கும் உறை போட்டுவிடுங்கள்.