விண்டோஸ் போட்டபின் காணாமல் போன லினக்ஸ்

போன ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போயிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். மருமகள் 2012-ல் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு லேப்டாப். "ரொம்ப ஸ்லோவா இருக்குன்னு கடையில குடுத்தோம். விண்டோஸ் புதுசா போட்டுத் தந்தாங்க. இப்ப அந்த இன்னொண்ணு வரமாட்டேங்கு. தம்பி, அப்பா பேசினது எல்லாம் போயிட்டா?"

அந்த இன்னொண்ணு, பாஸ் லினக்ஸ். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு இதையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் நான் திறந்தேன். ஊரின் தறி வேலை பற்றி அப்பாவிடம் கேள்வி கேட்டு, பல நாள் உட்கார்ந்து பதிவு செய்த ஒலிக்கோப்புகள் அந்தப் பக்கம்தான் இருந்தன. அப்பா இப்போது இல்லை. நகலும் எடுக்கவில்லை. இருபது வருஷமாக சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன் செய்யக்கூடாத தப்பு அது.

கடையில் போன் போட்டுக் கேட்டேன். "அதெல்லாம் அழிஞ்சிருக்கும் சார்" என்றார். அழியவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

பழைய பயாஸ் முறைக் கணினிகளில், ஹார்ட் டிஸ்கின் முதல் 512 பைட்தான் எம்.பி.ஆர். அதில் முதல் 446 பைட், கணினியை எழுப்பும் நிரலுக்கு. அடுத்த 64 பைட், எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை. கடைசி 2 பைட் ஒரு முத்திரை. லினக்ஸ் நிறுவும்போது கிரப் என்ற பூட்லோடர் அந்த 446 பைட்டில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டில் எது வேண்டும் என்று மெனு காட்டுவது அதுதான். விண்டோஸை மறுபடி நிறுவினால் அது யாரையும் கேட்காமல் அந்த இடத்தில் தன் நிரலை எழுதிவிடும். அந்த நிரலுக்கு லினக்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எங்கள் கோயிலில் ஒரே உடம்பில் சங்கரனும் நாராயணனும் சண்டையில்லாமல் நிற்கிறார்கள். ஹார்ட் டிஸ்கில் அந்த நாகரிகம் இல்லை!

ஆனால் போனது அந்த வாசல் பலகை மட்டும். கடைக்காரர் சி டிரைவை மட்டும் பார்மேட் செய்திருந்தால், லினக்ஸ் பிரிவு அப்படியே இருக்கும். அதனால் ஒரு எச்சரிக்கை. அறிமுகமில்லாத ஒரு பிரிவைக் காட்டி "பார்மேட் செய்யலாமா?" என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். லினக்ஸின் கோப்பு முறை அதற்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். கடையில் பிரிவுகளையே அழித்திருந்தால் அது வேறு கதை. அப்போது அந்த டிஸ்கில் எதையும் எழுதாமல், டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவியைத் தேட வேண்டும்.

நான் செய்தது இது:

1. ஒரு லினக்ஸ் லைவ் பென்டிரைவில் கணினியை எழுப்பினேன். லைவ் என்றால் டிஸ்கில் எதையும் நிறுவாமல் அப்படியே ஓடுவது.

2. எஃப்டிஸ்க் கட்டளையில் பிரிவுகளைப் பட்டியலிட்டேன். எஸ்டிஏ-5, வகை லினக்ஸ் என்று வந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

3. அந்தப் பிரிவை எழுத முடியாத நிலையில் மவுண்ட் செய்து, ஒலிக்கோப்புகளை முதலில் வெளி டிஸ்கில் நகலெடுத்தேன். பழுது பார்ப்பது அதற்கப்புறம்தான். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

4. பிறகு எழுதும் நிலையில் மறுபடி மவுண்ட் செய்து, லைவின் டெவ், பிராக், சிஸ் அடைவுகளை அதனோடு இணைத்து, சிஹெச்ரூட் கட்டளையால் உள்ளே போனேன். அதாவது லைவில் இருந்துகொண்டே பழைய லினக்ஸுக்குள் நுழைவது.

5. உள்ளே கிரப்-இன்ஸ்டால், அடுத்து அப்டேட்-கிரப். முதல் கட்டளையில் எஸ்டிஏ என்று முழு டிஸ்கைச் சொல்ல வேண்டும். எஸ்டிஏ-5 என்று பிரிவைச் சொல்வதுதான் பலரும் செய்கிற தவறு.

மறுபடி எழுப்பியதும் பழைய மெனு வந்தது, இரண்டு பெயர்களோடு.

இப்போதைய யூஇஎஃப்ஐ கணினிகளில் வேலை இன்னும் சுலபம். அங்கே பூட்லோடர்கள் ஒரு சிறிய ஃபேட் பிரிவில் தனித்தனி அடைவுகளில் இருக்கும். விண்டோஸ் பெரும்பாலும் கிரப்பை அழிப்பதில்லை, வரிசையில் தன்னை முன்னால் போட்டுக்கொள்ளும். பயாஸ் அமைப்பிலேயே வரிசையை மாற்றிவிடலாம். அங்கே கிரப் பெயர் தெரியவில்லையென்றால், லைவை யூஇஎஃப்ஐ முறையிலேயே எழுப்பி, இஎஃப்ஐ-பூட்-எம்ஜிஆர் கட்டளையில் பாருங்கள். (ஆமாம், கடைசி மூன்றெழுத்து அதேதான்.) மாறாக லினக்ஸ் வந்து விண்டோஸ் மெனுவில் காணோமென்றால், 2021-ல் வந்த கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் தானாக ஓடுவதில்லை. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை அனுமதித்துவிட்டு அப்டேட்-கிரப் ஓட்டினால் போதும்.

அன்று ராத்திரி அக்கா முதல் கோப்பைப் போட்டுக் கேட்டாள். பாவு ஓடுவதைப் பற்றி அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் என்னை ஒரு தடவை திட்டவும் செய்தார்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அந்த அரசு லேப்டாப் ஒன்று கிடக்கலாம். கடைக்குக் கொடுக்கும் முன், ஒரு லைவ் பென்டிரைவ் போட்டு உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துவிடுங்கள்.