நிறம் மாறும் கணக்குகள்

பழைய எக்செல்லில் எண்கள் தப்பித்துக்கொள்கின்றன. காலை வாரிவிடுவது வண்ணங்கள்தான்

மாதக் கடைசி. தணிக்கைக்குப் போக வேண்டிய நிலுவைப் பட்டியல் தயார். தவணை கேட்டவர்களுக்கு வெளிர் மஞ்சள். மூன்று மாதமாகப் பணமே கட்டாதவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த மஞ்சள். புதிய கம்ப்யூட்டரில் தயாரித்த பட்டியலைக் கிளை அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டரில் திறந்தால் இரண்டும் ஒரே மஞ்சள். தொகையில் ஒரு பைசாகூட மாறவில்லை. ஆனால் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது என்பதுதான் புரியவில்லை.

2007க்குப் பிந்தைய ஆண்டுகளில் பல அலுவலகங்களுக்குப் பழக்கமான குழப்பம் இது. வைரஸ் அல்ல, மானிட்டர் கோளாறும் அல்ல. காரணம், 56 என்ற எண். எக்செல் 97 முதல் 2003 வரையிலான பதிப்புகளில் ஒரு கோப்புக்கு 56 வண்ணங்கள்தான். கட்டத்தில் பதிவாவது நிறம் அல்ல. வண்ணத் தட்டில் அதன் வரிசை எண். எக்செல் 2007 இந்த வேலியை உடைத்து, ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் அதிகமான வண்ணங்களை அனுமதித்தது. அந்தக் கோப்பைப் பழைய 'எக்ஸ்எல்எஸ்' வடிவில் சேமித்தால், ஒவ்வொரு நிறமும் 56இல் தனக்கு நெருக்கமானதோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு மஞ்சள்கள் ஒன்றானது இப்படித்தான்.

பழைய பதிப்புகளுக்குள்ளேயே இன்னொரு வம்பும் உண்டு. வண்ணத் தட்டு கோப்புக்குக் கோப்பு வேறுபடலாம். தட்டை மாற்றியமைத்த கோப்பிலிருந்து ஒரு பக்கத்தை இன்னொரு கோப்புக்கு நகலெடுத்தால், எண் அப்படியே போகும். நிறம் போய்ச் சேர்ந்த இடத்துடையதாகிவிடும்.

வைத்தியம் இல்லாமல் இல்லை. எக்செல் 2003இல் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், கலர் என்று போனால், திறந்திருக்கும் மற்றொரு கோப்பின் தட்டையே வரவழைத்துக்கொள்ளலாம். புதிய பதிப்புகளில், பழைய எக்செல்லில் எந்த நிறங்கள் தெரிய வேண்டும் என்று சேமிப்பதற்கு முன்பே தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் உண்மையான சிக்கல் வேறு. நிறத்தை வைத்து வடிகட்டும் வசதியே 2007இல்தான் வந்தது. கூட்டல் ஃபார்முலாக்கள் இன்றும் கட்டத்தின் நிறத்தைப் பார்ப்பதில்லை. எக்செல் 2003க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டது. அதில் உருவான கோப்புகளோ இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் நிறம் மட்டுமே சொல்லும் தகவல், எங்கும் எழுதி வைக்காத தகவல்.

பக்கத்தில் ஒரு பத்தியைச் சேர்த்து 'பாக்கி', 'தவணை' என்று தட்டச்சு செய்ய சில நிமிடங்கள் போதும். சாயம் போகலாம். சொல் போகாது.