ரிசல்ட்டுக்கு முன்பே வாங்க வேண்டிய சான்றிதழ்

உங்க வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிறதா? கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குப் பொறியியல் கட் ஆஃப் போடுவது இந்நேரம் உங்களுக்கு அத்துப்படி ஆகியிருக்கும். "முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கியாச்சா?" என்று கேட்டால்தான், "ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்" என்று பதில் வரும்.

ரிசல்ட் வந்த வாரத்தில் எல்லோரும் இ-சேவை மையத்தில்தான் நிற்பார்கள். விண்ணப்பித்த அன்றே சான்றிதழ் கைக்கு வந்துவிடாது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு இடமாகப் போய்த்தான் ஒப்புதல் கிடைக்கும். அதற்குள் கவுன்சலிங் பதிவு நாள் நெருங்கிவிடும்.

இந்தச் சான்றிதழ் இருந்தால், கவுன்சலிங் மூலம் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேரும்போது கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. பெற்றோர் மட்டுமல்ல, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர்கள் யாருமே பட்டதாரியாக இருக்கக் கூடாது. அக்கா டிகிரி முடித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. அதனால் விண்ணப்பத்தில் எல்லோருடைய படிப்பு விவரத்தையும் உள்ளபடியே கொடுங்கள்.

செல்போனிலேயே இ-சேவை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். முதலில் கேன் எண் எனப்படும் குடிமக்கள் பதிவு எண் வேண்டும். ஓடிபி வரும் என்பதால், இப்போது கையில் இருக்கும் நம்பரையே கொடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம் நம்பரைக் கொடுத்துவிட்டு அலைபவர்கள் நிறையப் பேர்!

இன்னொரு தலைவலி, இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, மாற்றுச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கும். பொதுத்தேர்வுக்குப் பள்ளியில் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போதே தலைமை ஆசிரியரிடம் சொல்லித் திருத்திவிடுங்கள். மார்க் ஷீட் அச்சான பிறகு திருத்துவது பெரிய வேலை.

பிள்ளை 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்ததா? அப்படியென்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டையும் விடாதீர்கள். படித்த பள்ளி ஒவ்வொன்றிலும் அதற்கான சான்று கேட்டு வாங்குங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதற்குப் பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும்.

எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்பதில் குழப்பமா? பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் கேளுங்கள். போனைப் பிள்ளையிடமே கொடுத்துப் பேசச் சொல்லுங்கள்.