செர்பாத்ஸ்கியின் பௌத்த உளநூல் ஆராய்ச்சியும் தமிழ் அளவை நூல்களும்

1. முன்னுரை

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை, காப்பியச் சுவை நாடிப் புகுவார் பலர் விரைந்து கடந்து செல்லும் பகுதியாகும். காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறி அறிவுறுத்தும் அக்காதையில் பக்கம், ஏது, திட்டாந்தம், அவற்றின் போலிகள் என்பன அடுக்கி வருதலின், அதனை வெறும் தருக்கப் பட்டியல் எனக் கொண்டு ஒதுக்குவாரும் உளர். ஆயின், அதன் தொடக்கத்தே காட்சி என்பது யாது என்னும் வினாவிற்குச் சாத்தனார் தரும் விடை, உள்ளம் பொருளை எங்ஙனம் அறிகின்றது என்பது பற்றி இந்நாட்டில் பன்னூறாண்டு நிகழ்ந்த வழக்கொன்றின் சுருக்கமாகும். அவ்வழக்கின் முழுவடிவை அறியாதார்க்கு அவ்விடை விளங்குதல் அரிது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1898-ஆம் ஆண்டில் மணிமேகலையை வெளியிட்டபொழுது, பௌத்த சமயக் கருத்துகளை உணர்தற்கு இரங்காசாரியாரின் துணையை நாடினார். தமிழ் நூலொன்றின் பொருள் காண்டற்குத் தமிழ் மட்டும் போதாத இடங்கள் உள என்பதற்கு அது சான்று. அத்தகைய இடங்களுள் தலையாயது அளவைப் பகுதி. பௌத்த அளவை நூல்களை அவற்றின் உளநூற் கொள்கையோடு இயைத்து விரிவாக விளக்கிய அறிஞருள் முன்னிற்பவர் உருசிய நாட்டுத் தியோடர் செர்பாத்ஸ்கி. அவர்தம் கல்விப் பணியின் போக்கையும், அவர் கண்ட முடிபுகளையும், அம்முடிபுகள் தமிழ் நூலாராய்ச்சிக்கு எவ்வளவில் பயன்படும் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

2. கல்வியும் பணியும்

செர்பாத்ஸ்கி 1866-ஆம் ஆண்டில், அந்நாள் உருசியப் பேரரசின் கீழிருந்த போலந்தின் கீல்ட்சே நகரில் பிறந்தார். பீட்டர்சுபர்க்குப் பல்கலைக்கழகத்தில் மினாயெவ் என்பாரிடம் வடமொழி பயின்றார். பின்னர் வியன்னாவில் பியூலரிடம் அணிநூலும் இலக்கணமும், பான் நகரில் யாக்கோபியிடம் தத்துவ நூல்களும் கற்றார். 1900 முதல் தாம் பயின்ற பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியராக அமர்ந்தார்.

அவர் தம் வாழ்நாட் பணிக்கு அடித்தளமாகக் கொண்ட நூல் தருமகீர்த்தி இயற்றிய நியாயபிந்து. கி. பி. ஏழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் தருமகீர்த்தியின் நூல்களுள் அதுவே வடமொழி மூலத்தில் முதலில் கிடைத்தது. தருமோத்தரர் உரையோடு கூடிய அதன் ஏட்டினைச் சமணர் நூல்நிலையம் ஒன்றில் கண்டெடுத்த பீட்டர்சன் 1889-இல் பதிப்பித்தார். ஏனைய நூல்கள் அந்நாளில் பெரும்பாலும் திபெத்து மொழிபெயர்ப்புகளாகவே அறியப்பட்டிருந்தன. ஆகவே, வடமொழியோடு திபெத்து மொழியும் கற்றாலன்றிப் பௌத்த அளவையை ஆராய்தல் இயலாது எனத் துணிந்த செர்பாத்ஸ்கி, இரண்டினையும் துறைபோகக் கற்றார். 1905-இல் மங்கோலியா சென்று, ஆண்டுத் தங்கியிருந்த பதின்மூன்றாம் தலாய் இலாமாவைக் கண்டார். 1910-11-இல் இந்தியா போந்து, பண்டிதர்களிடம் நியாய நூல்களைப் பாடம் கேட்டார். ஏட்டினின்று அறிவதனோடு அமையாது, அந்நூல்களைப் பயிற்றும் மரபினரை நாடிச் சென்றமை அவர்தம் ஆராய்ச்சியின் சிறப்பியல்பு எனலாம்.

நியாயபிந்துவின் மொழிபெயர்ப்போடு கூடிய அவர்தம் உருசிய நூல் 1903-இலும் 1909-இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1923-இல் 'பௌத்தத்தின் நடுநிலைக் கருத்து' என்னும் பொருள்படும் நூலும், 1927-இல் நிருவாணம் பற்றிய நூலும் ஆங்கிலத்தில் தோன்றின. இவற்றின் முடிமணியாக விளங்குவது 'பௌத்த அளவை' என்னும் இருபெருந் தொகுதி. இரண்டாந் தொகுதி 1930-இலும், முதற்றொகுதி 1932-இலும் இலெனின்கிராடில் வெளிவந்தன.

3. உயிர் வேண்டாத உளநூல்

1923-ஆம் ஆண்டு நூலில் செர்பாத்ஸ்கி எடுத்துக்கொண்ட வினா, 'தருமம்' என்னும் சொற்குப் பௌத்த நூலார் கொண்ட பொருள் யாது என்பது. அறம் எனவும் நெறி எனவும் பொருள்படும் அச்சொல், வசுபந்துவின் அபிதரும கோசத்தில் இருப்பின் அடிப்படைக் கூறுகளைக் குறிக்கும் குறியீடாக வருதலை அவர் எடுத்துக் காட்டினார். சர்வாத்திவாதிகள் அக்கூறுகளை 75 என எண்ணுவர். உருவக் கூறுகள் 11, சித்தம் 1, சித்தத்தோடு உடன் தோன்றும் சைத்தங்கள் 46, இருபாலும் அடங்காதன 14, ஆக்கப்படாதன 3.

இவ்வெண்ணிக்கையில் உயிர்க்கு இடமின்மை காண்க. அறிபவன் ஒருவன் நிலைபெற்றிருந்து அறிகின்றான் என்று பௌத்தர் கொள்வதில்லை. ஒரு கணத்தில் தோன்றும் அறிவும், அதனோடு தோன்றும் நுகர்வு, குறிப்பு, எண்ணம் முதலியனவும் அக்கணத்திலேயே மாய, அடுத்த கணம் அதன் பயனாகத் தோன்றுகின்றது. ஆற்றுநீர் இடையறாது ஓடுதலின் ஒரே ஆறு என வழங்கினாற்போல, இத்தொடர்ச்சியையே உலகத்தார் 'நான்' என வழங்குவர். ஐந்து கந்தங்களும் பன்னிரு நிதானங்களும் கூறும் மணிமேகலையின் இறுதிக் காதையைக் கற்பார்க்கு, இக்கூறுபாடு உரை போலப் பயன்படும்.

4. காட்சியும் கற்பனையும்

உயிரென ஒன்றின்றி அறிவு நிகழும் எனின், அவ்வறிவு பிழையற்றது என்பது எங்ஙனம் துணியப்படும்? இவ்வினாவிற்கு விடையாகவே திக்நாகரும் தருமகீர்த்தியும் அளவை நூல் செய்தனர் என்பது செர்பாத்ஸ்கியின் விளக்கம். ஆதலின் அவர் பௌத்த அளவையை வாதம் செய்யும் முறை கூறும் நூலாக மட்டும் கொள்ளாது, உள்ளத்தின் இயல்பு கூறும் நூலாகவும் கொண்டார்.

பௌத்தர்க்கு அளவை இரண்டே. காட்சியின் பொருள் தன்னியல்பு. கருத்தளவையின் பொருள் பொதுவியல்பு. புல்வெளியில் நிற்கும் ஒன்றைக் காண்கின்றோம் எனக் கொள்வோம். கங்கை எனப் பெயரிடுதலும், பசு என இனங்கூறுதலும், வெள்ளை எனப் பண்பு கூறுதலும், மேய்கின்றது எனத் தொழில் கூறுதலும், கொம்புடையது எனப் பொருளோடு இயைத்தலும் ஆகிய ஐந்தும் உள்ளம் சேர்ப்பன. அவ்வைந்தும் சேர்தற்கு முன்னர்க் கண்ணுக்குப் புலனாகி நின்ற அஃதொன்றே காட்சியின் பொருள். அது பிறிதொன்றனோடு ஒவ்வாதது, அக்கணத்திற்கே உரியது, சொல்லால் சுட்டற்கு அரியது. 'கற்பனை நீங்கியது காட்சி' என்னும் திக்நாகர் கொள்கையின் கருத்து இதுவே. தருமகீர்த்தி இதனோடு 'மயக்கமற்றது' என்னும் அடையையும் சேர்த்தார். ஓடும் படகில் இருப்பார்க்குக் கரைமரம் ஓடுவதாகத் தோன்றும் தோற்றத்தில் கற்பனை இல்லையெனினும் பிழை உண்டாதலின், அதனை விலக்குதற்கு இவ்வடை வேண்டப்பட்டது.

நியாயபிந்து காட்சியை நால்வகையாக்கும். அவை பொறிவழிக் காட்சி, மனக்காட்சி, தன்னை அறியும் காட்சி, யோகியர் காட்சி என்பன. இவற்றுள் உளநூல் வல்லார் பெரிதும் கருதத்தக்கது மூன்றாவது. சித்தமும் சைத்தமும் ஆகிய ஒவ்வொன்றும் பொருளை அறியும்பொழுதே தன்னையும் அறியும் என்பர் பௌத்தர். விளக்கு, குடத்தை விளக்கும்பொழுது தன்னையும் விளக்குதல் போல்வது அது. நியாய நூலார் இதனை மறுத்து, ஓர் அறிவை அறிவது அதன் பின்னர்த் தோன்றும் மற்றோர் அறிவே என்பர். பௌத்தர்க்கோ, அறிவைத் தனியே நின்று அறிதற்கு ஓர் ஆன்மா இல்லாமையின், அறிவே தன்னை அறியும் எனக் கோடல் இன்றியமையாததாயிற்று.

5. செர்பாத்ஸ்கி முறையின் நிறையும் குறையும்

தத்துவ நூல்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் விளங்காது என்பது செர்பாத்ஸ்கியின் துணிபு. ஆதலின் அவர் ஐரோப்பியத் தத்துவச் சொற்களைத் தயங்காது எடுத்தாண்டார். சிறப்பாக, செருமானிய அறிஞர் காண்டின் குறியீடுகளைப் பயன்படுத்தினார். பௌத்த அளவையை ஐரோப்பியத் தத்துவ அறிஞரும் கற்குமாறு செய்தது இம்முறையே. முதற்றொகுதியில் இந்திய அறிஞரும் ஐரோப்பிய அறிஞரும் எதிரெதிர் நின்று உரையாடுவதாக அவர் அமைத்த பகுதிகள் இன்றும் கற்றற்கு இனியன.

எனினும் இம்முறையால் நேர்ந்த இடரும் உண்டு. தன்னியல்பைக் காண்ட் கூறிய 'தானேயாம் பொருளோடு' அவர் ஒப்பிட்டார். காண்டின் கொள்கையில் அப்பொருள் நம் அறிவிற்கு எட்டாதது. தருமகீர்த்தியின் கொள்கையிலோ தன்னியல்பு காட்சியில் நேரே அறியப்படுவது. பயன் விளைக்கும் ஆற்றல் உடையது. ஒன்று அறிவின் எல்லைக்கு அப்பாலது. மற்றொன்று அறிவின் தொடக்கத்திலேயே நிற்பது. பிற்கால ஆராய்ச்சியாளர் இவ்வேறுபாட்டை வலியுறுத்தினர். மேலும், இராகுல சாங்கிருத்தியாயனர் 1930-களில் திபெத்தினின்று பிரமாணவார்த்திகத்தின் வடமொழி மூலத்தைக் கொணர்ந்தமையும், 1968-இல் அத்தோரி திக்நாகரின் காட்சிப் படலத்தை ஆராய்ந்து வெளியிட்டமையும், 2005-இல் அதற்குச் சினேந்திரபுத்தி வரைந்த உரையின் முதற் பகுதி மூலமொழியில் அச்சேறியமையும், செர்பாத்ஸ்கி அறிந்திராத சான்றுகளை நமக்கு அளித்துள்ளன. ஆகவே அவர் நூலை வழிகாட்டியாகக் கொள்ளலாமேயன்றி முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

6. தமிழ் நூல்களில் இருநிலைகள்

இனித் தமிழ் நூல்களுக்கு வருவோம். மணிமேகலை கூறும் அளவை இரண்டு. பிரத்தியம், கருத்தளவு என்பன அவற்றின் பெயர்கள். காட்சியைச் 'சுட்டுணர்வு' எனக் கூறும் சாத்தனார், பெயர், சாதி, குணம், கிரியை என்பவற்றை அதனின் நீக்குகின்றார். இது திக்நாகர் நெறி என்பது வெளிப்படை. தருமகீர்த்தி சேர்த்த 'மயக்கமற்றது' என்னும் அடையோ, அவர் வகுத்த நால்வகையோ இவ்விலக்கணத்தில் காணப்படவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவைப் பகுதியை இதனோடு வைத்து நோக்குக. ஆங்குக் காட்சி, ஐயமும் திரிபும் விகற்பமும் நீங்கியதாக இலக்கணம் பெறுகின்றது. பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தும் விகற்பமாக எண்ணப்படுகின்றன. காட்சியும் வாயிற் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காகின்றது. திரிபு நீக்கலும் நால்வகைப் பாகுபாடும் தருமகீர்த்தியின் நூலோடு ஒத்து நிற்றல் தெளிவு.

இவ்வொப்புமை கொண்டு, சித்தியார் நியாயபிந்துவைப் பின்பற்றியது என்று கூறிவிடல் பொருந்தாது. சைவ ஆகம மரபின் வாயிலாக இக்குறியீடுகள் வந்திருத்தல் கூடும். அன்றியும், குறியீடு ஒன்றாயினும் பொருள் வேறாதலைக் கூர்ந்து நோக்க வேண்டும். பௌத்தர்க்குத் தன்வேதனை என்பது ஒவ்வோர் அறிவும் தன்னைத் தானே அறிதல். சித்தியாரிலோ அது, அராகம் முதலிய தத்துவங்களின் துணையால் உயிர் தன் இன்ப துன்பங்களை நுகர்ந்தறிதல். ஆண்டு ஆன்மா இல்லாமையை நிறுத்தற்கு உதவிய சொல், ஈண்டு ஆன்மா உளதாதற்கு இயைய அமைந்துள்ளது. பரபக்கத்தில் பௌத்தரை விரிவாக மறுத்த ஆசிரியரே அவர்க்கும் உரிய பாகுபாட்டைத் தம் சுபக்கத்திற்கு இசைய ஆளுதல், தமிழ்த் தத்துவ வரலாற்றில் தனியே ஆராய்தற்குரியது.

மணிமேகலையின் காலம் பற்றியும் இங்கு ஒன்று கூறுதல் தகும். அளவைப் பகுதி திக்நாகர்க்கு முந்தியது எனவும், பிந்தியது எனவும் அறிஞர் வழக்கிட்டனர். நியாயப்பிரவேசம் என்னும் நூலோடு அப்பகுதிக்குள்ள ஒப்புமை, பிந்தியது என்பார்க்கு வலிவு தருவது. தருமகீர்த்தியின் அடை இல்லாமை கொண்டு அவர்க்கு முந்தியது என உடனே முடிவு கட்டலாகாது. பழைய பாடநூலொன்றைப் பின்பற்றுவார் புதிய திருத்தத்தை ஏலாது விடுதலும் உலகியல்பு. இன்மை ஒன்றே சான்றாகாது; பிற சான்றுகளோடு சேர்ந்தே அது பயன்படும்.

7. அறுந்த மாணாக்கர் வழி

செர்பாத்ஸ்கியின் வரலாற்றில் ஆராய்ச்சி மாணவர் கருத வேண்டிய பகுதி பிறிதொன்றும் உண்டு. அவர் சிறந்த மாணாக்கர் பலரை உருவாக்கினார். உரோசன்பர்க்கு தம் பௌத்த தத்துவ நூலை 1918-இல் வெளியிட்டு, மறு ஆண்டே மறைந்தார். திபெத்து மொழியில் பெரும்புலமை எய்திய ஓபெர்மில்லர் 1935-இல் நோயால் மாண்டார். வோசுதிரிகோவ் 1937-இல் அரசினரால் சிறைப்படுத்தப்பட்டு அவ்வாண்டே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எழுதி வைத்த திபெத்திய வரலாற்று இலக்கியம் பற்றிய நூல் 1962-இலேயே அச்சேறியது. போர்க்காலத்தில் கசக்குசுத்தானத்துப் போரோவோய் என்னுமிடத்திற்கு அனுப்பப்பட்ட செர்பாத்ஸ்கி, 1942-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆண்டே காலமானார். ஆசிரியர் ஆய்ந்து அளித்த செல்வத்தைப் பெற்றுப் பெருக்க வேண்டிய தலைமுறை அவர் கண்முன்னரே அருகிப் போயிற்று.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. பௌத்த அளவை, உள்ளத்தின் இயல்பு கூறும் உளநூலோடு பிரிக்கவொண்ணாத தொடர்புடையது. அதனை விளக்கிய செர்பாத்ஸ்கியின் நூல்கள், பின் கிடைத்த சான்றுகளோடு ஒப்பிட்டே கற்கத்தக்கன. மணிமேகலையும் சித்தியாரும் காட்சி பற்றிக் கூறுவன, அவ்வளவை மரபின் வெவ்வேறு நிலைகளோடு ஒப்ப நிற்கின்றன.

திக்நாகர் காஞ்சியை அடுத்த ஊரொன்றில் பிறந்தார் என்பது திபெத்தியர் மரபு. அது வரலாற்று உண்மையாயினும் ஆகாவிடினும், அவர் கொள்கையைத் தமிழ்ச் செய்யுளில் காஞ்சியில் வைத்தே கேட்பிக்கும் நூல் நம்மிடம் உள்ளது. அந்நூலின் அளவைப் பகுதிக்கு, வடமொழி, திபெத்து மொழிச் சான்றுகளோடு ஒப்பிட்டு எழுதிய விரிவுரை இன்றியமையாதது. ஆராய்ச்சிப் பொருள் நாடும் பட்ட மேல்வகுப்பு மாணவருள் ஒருவரிருவரேனும் அம்மொழிகளைக் கற்று இப்பணியில் இறங்குவராயின், இருபத்தொன்பதாம் காதை கடந்து செல்லப்படும் பகுதியாக இராது, நின்று கற்கப்படும் பகுதியாகும் என நம்புகின்றோம்.