அளவிட முடியாத இறைவனும் மனித அறிவின் எல்லையும்

இறைவனை மனிதன் எவ்வளவு தூரம் அறிந்துகொள்ள முடியும்? சமயங்கள் யாவும் எதிர்கொண்ட வினா இது. கிறிஸ்தவ மரபு இதற்கு அளிக்கும் விடை இரு பகுதிகளைக் கொண்டது. இறைவன் இருக்கிறார் என்பதை மனிதன் அறியலாம். அவர் தம்மை வெளிப்படுத்திய அளவில் அவரோடு உறவு கொள்ளவும் இயலும். ஆனால், அவரை முழுமையாக அறிந்து முடிப்பது படைக்கப்பட்ட எந்த அறிவுக்கும் இயலாத காரியமாகும்.

இதற்கான அடிப்படை திருவிவிலியத்திலேயே உள்ளது. இறைவனின் மாட்சியைக் காண விரும்பிய மோசேக்கு, அவரது முகத்தைக் காணும் வாய்ப்பு வழங்கப்படவில்லை. பாறைப் பிளவொன்றில் நிறுத்தப்பட்ட அவர், இறைவன் கடந்துசென்ற பின்னரே அவரைப் பின்புறமாகக் கண்டார் என்று யாத்திராகமம் கூறுகிறது. கொரிந்து நகரத்தவருக்கு எழுதிய புனித பவுல், இம்மையில் நாம் பெறும் அறிவைக் கண்ணாடியில் தெரியும் மங்கலான உருவத்திற்கு ஒப்பிட்டார். அக்காலத்துக் கண்ணாடி மெருகிட்ட உலோகத் தகடு என்பதை நினைவிற்கொண்டால் இவ்வுவமையின் பொருத்தம் விளங்கும்.

நான்காம் நூற்றாண்டில் இது பெரும் விவாதமாயிற்று. இறைவனின் உள்ளியல்பை மனித அறிவால் சரியாக வரையறுத்துக் கூறமுடியும் என யுனோமியுஸ் என்பவர் வாதிட்டார். கப்பதோக்கியாவைச் சேர்ந்த ஆயர்களான புனித பசிலியாரும் அவரது சகோதரர் நீசா நகரத்துக் கிரகோரியாரும் அதனை மறுத்தனர். 386ஆம் ஆண்டில் அந்தியோக்கியாவில் புனித யோவான் கிறிசோஸ்தோம் இறைவனின் அறியவொண்ணாமை குறித்தே மறையுரைகளை நிகழ்த்தத் தொடங்கினார். மோசே முதலில் எரியும் முட்செடியின் ஒளியில் இறைவனைச் சந்தித்தார். பின்னர் மலைமீது காரிருளுக்குள் அவரை அணுகினார். நெருங்க நெருங்க அறிவின் போதாமை தெளிவாகிறது என்பதே இந்நிகழ்ச்சிகளுக்குக் கிரகோரியார் கண்ட பொருள்.

அவ்வாறாயின் இறைவனைப் பற்றிப் பேசுவதே வீண் முயற்சியா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இவ்வினாவை ஆராய்ந்தார். முஸ்லிம் மெய்யியலாளர்களான இப்னு ஸீனா, இப்னு ருஷ்த் ஆகியோரையும் யூத அறிஞரான மைமோனிடிசையும் ஆழ்ந்து கற்றவர் அவர். இறைவனின் இயல்பைப் பற்றி 'இன்னதல்ல' என்ற எதிர்மறையால் மட்டுமே பேசமுடியும் என்பது மைமோனிடிசின் நிலைப்பாடு. தோமஸ் அதனை ஓரளவு ஏற்று, ஓரளவு திருத்தினார். 'இறைவன் நல்லவர்' என்னும்போது அச்சொல் உண்மையையே சுட்டுகிறது. ஆயினும் மனிதனிடம் நாம் காணும் நன்மையை அளவுகோலாகக் கொண்டு அந்த நன்மையை அளந்துவிட முடியாது என்பது அவரது விளக்கம். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கமும், படைத்தவருக்கும் படைப்புக்கும் இடையே எந்த ஒப்புமையைக் கூறினாலும் அதனினும் பெரிய வேற்றுமை அங்கே உண்டு என்று போதித்திருந்தது.

தோமசின் வாழ்வே இதற்குச் சான்றாக அமைந்தது. 1273 டிசம்பர் 6ஆம் திகதி நேப்பிள்ஸ் நகரில் திருப்பலி நிறைவேற்றிய பின்னர் அவர் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். தாம் கண்டவற்றின் முன்னே தாம் எழுதியவை யாவும் வைக்கோலாகத் தோன்றுகின்றன என்று அவர் கூறியதாக மரபு உரைக்கிறது. அவரது மாபெரும் இறையியல் நூல் நிறைவுறாமலேயே நின்றுவிட்டது.

இது அறிஞர்களுக்கு மட்டும் உரிய விவாதமன்று. யோபு அனைத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருந்தபோது, அவரது நண்பர் மூவர் ஏழு நாட்கள் மௌனமாக அவரருகே இருந்தனர். பின்னர் வாய் திறந்து, அவரது பாவமே துன்பத்திற்குக் காரணம் எனச் சாதித்தனர். இறுதியில் இறைவன் கடிந்துகொண்டது இறைவனுக்காக வாதாடிய அந்த நண்பர்களையே. முறையிட்ட யோபுவை அல்ல, தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுவே என்றார். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நமது கரையோரங்களை அழித்தபோதும், அதனை இறைவனின் தண்டனை என்று உறுதியாகப் பேசியோர் இருந்தனர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அவ்வாறு கூறுபவர், இறைவனின் உள்ளத்தைத் தாம் அறிந்துவிட்டதாகவே உரிமை கோருகிறார். யோபுவின் நண்பர்கள் செய்த தவறும் இதுவே.

இறைவன் இயேசுவில் தம்மை வெளிப்படுத்தினார் என்பது கிறிஸ்தவர்களின் விசுவாசம். எனினும், வெளிப்பட்ட பின்னும் அவர் மறைபொருளாகவே விளங்குகிறார் என்றே திருச்சபை போதிக்கிறது. 'கடவுள்' என்னும் தமிழ்ச் சொல்லுக்கே அனைத்தையும் கடந்து நிற்பவர் எனப் பொருள் கூறுவர். அச்சொல்லை நாவில் கொண்டுள்ள நாம், அவர் பெயரால் பிறர்மீது தீர்ப்புக் கூறுமுன் சற்றுத் தயங்குதல் வேண்டும். அத்தயக்கம் விசுவாசக் குறைவன்று. வழிபாட்டின் ஒரு பகுதியே ஆகும்.